மாட்டுங்காவின் 400019: ஒரு பெரிய எண்ணின் பண்புகளைப் பிழையில்லாமல் கண்டறியும் வழி

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் எங்கள் வீட்டில், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கணக்குப் புராஜெக்ட் ஒன்று கொடுக்கப்பட்டது. வசிக்கும் பகுதியின் அஞ்சல் குறியீட்டு எண்ணை, அதாவது பின்கோடை, ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டு அதன் பண்புகளையெல்லாம் சார்ட்டில் எழுதிவர வேண்டும். எங்கள் எண் 400019. இரண்டிலிருந்து 97 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தோம். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. "400019 ஒரு பகா எண்" என்று பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து அனுப்பிவைத்தேன். சார்ட் திரும்பி வந்தபோது அந்த வரியின் ஓரத்தில் ஆசிரியை "337?" என்று மட்டும் எழுதியிருந்தார். கால்குலேட்டரை எடுத்து வகுத்தேன். 1187 என்று துல்லியமாக வந்து நின்றது.

அதன்பின் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து முடிக்க எங்களுக்கு மூன்று மாலைகள் பிடித்தன. இதே வேலை உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும்.

1. எண்ணைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளி எண்ணைக் குறிப்பிடாமல் "ஒரு பெரிய எண்" என்று மட்டும் சொல்லியிருந்தால், ஆறு இலக்கத்தைத் தாண்டாதீர்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் அப்பாவின் கைபேசி எண்ணைச் சொல்வார்கள். 9இல் தொடங்கும் பத்து இலக்க எண் பகா எண்தானா என்று கையால் உறுதிசெய்ய ஏறக்குறைய ஒன்பதாயிரத்து ஐந்நூறு பகா எண்களால் வகுத்துப் பார்க்க நேரிடலாம். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம் என்பதால் அந்த வேலை எழுபதாயிரத்தைத் தாண்டிவிடக்கூடும். தவிர, இவ்விரண்டும் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட வேண்டிய எண்கள் அல்ல. பின்கோடு எல்லாருக்கும் தெரிந்த எண். அதை ஆராயும் வேலையும் ஒரு குழந்தையின் பொறுமைக்குள் அடங்கும்.

இரட்டை எண்ணோ 5இல் முடியும் எண்ணோ கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். காரணிகள் நிறைய இருக்கும் எண்ணைப் பற்றித்தான் எழுதுவதற்கும் நிறைய இருக்கும்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, செலவு, நேரம்

631 வரையிலான பகா எண்களின் அட்டவணை ஒன்று வேண்டும். பாடநூல்களில் பெரும்பாலும் 100 வரைதான் இருக்கும், எங்களைக் கவிழ்த்ததும் அதுதான். 100க்குள் 25 பகா எண்கள். 631 வரை மொத்தம் 115. மீதமுள்ள தொண்ணூறையும் நீங்களே எழுதினால், 119, 133, 221, 323, 391 போன்றவை பகா எண்களைப் போல வேடமிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை முறையே 7 × 17, 7 × 19, 13 × 17, 17 × 19, 17 × 23. தவறான எண் பட்டியலில் நுழைந்தால் ஒரு வகுத்தல் வீண், அவ்வளவுதான். ஆனால் உண்மையான பகா எண் ஒன்று விடுபட்டால் விடையே தவறிவிடும். எனவே எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: 115 இருக்க வேண்டும்.

இத்துடன் நீள நோட்டு ஒன்றும், எட்டு இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டரும் போதும். முதல் முறை சார்ட்டுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் 120 ரூபாய் செலவழித்தேன். தவறு தெரிந்தபின் இன்னொரு சார்ட் வாங்க வேண்டியிருந்தது. ரஃப் நோட்டில் கணக்கு முடிந்து, இன்னொருவர் சரிபார்க்கும் வரை சார்ட் தாளை வாங்கவே வாங்காதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வகுத்து மீதியை எழுத ஓர் எண்ணுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 115 எண்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இதை ஒரே மூச்சில் செய்தால் அறுபதாவது எண்ணுக்குமேல் கண் சோர்ந்து பிழை வரும். எங்கள் எண்ணின் காரணி பட்டியலில் அறுபத்தெட்டாவது இடத்தில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

3. எங்கே நிறுத்தலாம் என்பதை முதலில் தீர்மானித்தல்

தொடங்குவதற்கு முன்பே முடிவிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கற்பலனாக இருந்தால், அவ்விரண்டும் அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரியனவாக இருக்க முடியாது. ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். 632இன் வர்க்கம் 399424, 633இன் வர்க்கம் 400689. 400019 இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் 632 வரை தேடினால் போதும். அதற்குள் கடைசிப் பகா எண் 631. அடுத்த பகா எண்ணான 641இன் வர்க்கம் 410881. ஆகவே 400இல் தொடங்கும் எந்தப் பின்கோடாக இருந்தாலும், அது தாணேயின் 400601 ஆனாலும் வாஷியின் 400703 ஆனாலும், இதே 115 பகா எண்கள்தான் எல்லை. மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரே அட்டவணை போதும்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. "நூறு வரை பார்த்துவிட்டோம், இனி வராது" என்று நிறுத்துவது முதலாவது. நான் விழுந்தது அதில்தான். எண்ணின் பாதியான இரண்டு லட்சம் வரை வகுத்துக்கொண்டே போக வேண்டும் என்று மலைத்துப்போய், தொடங்காமலே விட்டுவிடுவது இரண்டாவது.

4. சிறிய பகா எண்களை விரைவாகக் கழித்தல்

2, 3, 5 ஆகியவற்றை வகுக்காமலே பார்த்துவிடலாம். 400019 ஒற்றைப்படை எண். கடைசி இலக்கம் 0ம் இல்லை, 5ம் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14 என்பதால் 3ஆலும் வகுபடாது.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே கழித்தல் போதும். இவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதுதான் காரணம். ஆறு இலக்க எண்ணை மும்மூன்றாகப் பிரித்து, ஒரு பாதியிலிருந்து மற்றதைக் கழியுங்கள்: 400 – 19 = 381. இந்த 381 ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் வகுபடாததால், 400019உம் வகுபடாது. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டினால் 37க்கு விடை கிடைக்கும், ஏனெனில் 999 என்பது 27 × 37. 400 + 19 = 419; இதை 37ஆல் வகுத்தால் மீதி 12. ஆகவே 37உம் இல்லை.

5. மீதிப் பட்டியல் தயாரித்தல்

வேலையின் பெரும்பகுதி இதுதான். முதல் முறை நான் 400019ஐ நேரடியாக ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்தேன். இரண்டாம் முறை வேறு வழியில் செய்தபோது, ஒரே உழைப்பு எங்கள் கட்டடத்திலிருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் உதவியது.

400019ஐ வகுப்பதற்குப் பதிலாக 400000ஐ ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்து மீதியை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பின்கோடின் கடைசி மூன்று இலக்கத்தை அந்த மீதியோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகை அந்தப் பகா எண்ணின் மடங்காக இருந்தால், உங்கள் எண் அதனால் வகுபடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 400000ஐ 7ஆல் வகுத்தால் மீதி 6. சயானின் பின்கோடு 400022; 6 + 22 = 28, ஏழின் மடங்கு. எனவே சயானின் எண் 7ஆல் வகுபடும். 400000ஐ 47ஆல் வகுத்தால் மீதி 30. தாராவியின் பின்கோடு 400017; 30 + 17 = 47. எனவே தாராவியின் எண் 47ஆல் வகுபடும். 400000ஐ 337ஆல் வகுத்தால் மீதி 318. எங்கள் 19ஐக் கூட்டினால் சரியாக 337. ஆசிரியை ஓரத்தில் எழுதிய எண் இப்படித்தான் இரண்டாம் முறை எங்கள் நோட்டில் வந்து உட்கார்ந்தது.

மீதியைக் கணக்கிடும்போது ஒரு கவனம் தேவை. கால்குலேட்டரில் 400000 ÷ 337 என்று போட்டால் 1186.9436 என்று வரும். முழு எண் பகுதியான 1186ஐ மட்டும் எடுத்து 337ஆல் பெருக்குங்கள்: 399682. அதை 400000இலிருந்து கழித்தால் 318. தசமப் பகுதியை 337ஆல் பெருக்கினாலும் 317.99 என்று ஏறக்குறைய இதே விடை வரும். ஆனால் குழந்தைகள் அதை 317 என்று எழுதிவிடுவார்கள், எழுதினார்கள். கழித்தல் வழியே பாதுகாப்பானது.

இன்னொரு கவனம், கைபேசியின் திரையைப் பற்றியது. 400019ஐ 59ஆல் வகுத்தால் 6779.983 என்று வரும். என் மனைவி அதைப் பார்த்து "6780தானே" என்றார். ஒன்று குறைகிறது, 59ஆல் வகுபடுவது 400019 அல்ல, அடுத்த எண்ணான 400020. இதே 400020 எண் 113ஆலும் வகுபடுவதால், 113க்கும் நாங்கள் ஒன்றில் தவறினோம். தசமப் புள்ளிக்குப் பின் எதுவும் இல்லாமல் இருந்தால் மட்டுமே வகுபட்டதாகக் கொள்ள வேண்டும்.

நோட்டில் பகா எண், 400000இன் மீதி, உங்கள் எண்ணைக் கூட்டியபின் வரும் தொகை என மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். "வகுபடவில்லை" என்று மட்டும் எழுதிய பட்டியலை யாராலும் சரிபார்க்க முடியாது. மீதிகள் எழுதப்பட்டிருந்தால், பிழை எந்த வரியில் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

6. காரணி கிடைத்தபின் சரிபார்த்தல்

400019 = 337 × 1187. இங்கே நிறுத்திவிடாமல், 337உம் 1187உம் பகா எண்கள்தானா என்று பார்க்க வேண்டும். 337 நம் அட்டவணையிலேயே இருக்கிறது. 1187க்காகப் புதிதாக எதையும் வகுக்கத் தேவையில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 1187க்குச் சிறிய காரணி இருந்தால் அது 34க்குள் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்திருந்தால் அது 400019ஐயும் வகுத்திருக்கும், பட்டியலின் தொடக்கத்திலேயே சிக்கியிருக்கும். சிக்கவில்லை, எனவே 1187 பகா எண்.

பெருக்கலைச் சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டும் பழைய முறை போதும். 337 தருவது 13, அதாவது 4; 1187 தருவது 17, அதாவது 8; 4 × 8 = 32, அதாவது 5. 400019 தருவது 14, அதுவும் 5. இம்முறை பிழையைக் காட்டிக்கொடுக்குமே தவிர, சரி என்பதற்கு முழு உறுதி தராது. இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது.

7. பண்புகளை எழுதுதல்

பகாக் காரணிகள் கையில் வந்துவிட்டால், மற்றவை ஒரு மணி நேர வேலை. 400019க்குக் காரணிகள் நான்கு மட்டுமே: 1, 337, 1187, 400019. இவற்றின் கூட்டுத்தொகை 338 × 1188, அதாவது 401544. எண்ணைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை வெறும் 1525. எண்ணைவிட மிகக் குறைவு. அடுத்த வீட்டு எண்ணான, சர்ச்கேட்டின் 400020ஐப் பாருங்கள்: 2 × 2 × 3 × 5 × 59 × 113. அதற்கு நாற்பத்தெட்டு காரணிகள். எண்ணைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை 749100, எண்ணையே விஞ்சிவிடுகிறது. இந்த ஒப்பீட்டைச் சார்ட்டில் அருகருகே வைத்தோம். பார்த்தவர்கள் நின்று படித்தது இந்த இடத்தில்தான்.

அடுத்து, தொடர் எண்களின் கூட்டுத்தொகையாக எழுதுதல். 400019ஐ இப்படி மூன்று வழிகளில் எழுதலாம், மூன்றுக்கு மேல் இல்லை. 200009 + 200010 என்பது எல்லாருக்கும் தோன்றும். 1187ஐ நடுவில் வைத்து இருபுறமும் 168 எண்கள் எடுத்தால், 1019இலிருந்து 1355 வரையுள்ள 337 எண்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். மூன்றாவது, 257இலிருந்து 930 வரையுள்ள 674 எண்களின் கூட்டுத்தொகை. 337ஐ நடுவில் வைத்து 1187 எண்கள் எடுக்கப் போனால் தொடக்கம் –256க்குச் சென்றுவிடும். –256இலிருந்து 256 வரை எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிச்சம் 257இலிருந்து தொடங்கும். குறை எண்களைப் படித்திராத குழந்தைக்கு இதை விளக்க ஒரு மாலை போய்விடும், ஆனால் அந்த மாலை வீண் அல்ல.

வர்க்கங்களின் வித்தியாசமாகவும் இதை எழுதலாம். 337க்கும் 1187க்கும் சராசரி 762. அதிலிருந்து இருபுறமும் உள்ள தூரம் 425. எனவே 762இன் வர்க்கமான 580644இலிருந்து 425இன் வர்க்கமான 180625ஐக் கழித்தால் 400019. ஆனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை எழுதவே முடியாது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எந்த வர்க்கத்தை 4ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1தான் வரும்; இரண்டைக் கூட்டினால் 3 வராது. 400019ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. "முடியாது" என்பதும் ஒரு பண்புதான். காரணத்தோடு எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு.

இரும எண் முறையில் 400019 என்பது 1100001101010010011. தொடர்ந்து இரண்டால் வகுத்து, மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். மேலிருந்து கீழாக எழுதினால் 1100100101011000011 என்று வரும். இரண்டும் 11இல் தொடங்கி 11இல் முடிவதாலும், இரண்டிலும் ஒன்பது ஒன்றுகள் இருப்பதாலும், கண்ணால் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி கூட்டிப் பார்ப்பதே வழி: 262144 + 131072 + 4096 + 2048 + 512 + 128 என்பதே சரியாக 400000 ஆகிறது, அதோடு 16 + 2 + 1 சேர்ந்தால் 19. மும்பைக்கு ஆறு ஒன்றுகள், மாட்டுங்காவுக்கு மூன்று என்று என் மகள் சொன்னாள்.

மேல்வகுப்பு மாணவர்கள் வேண்டுமானால் இன்னொன்றைச் சேர்க்கலாம்: 400019ஐ விடச் சிறியதாகவும், அதனோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாகவும் உள்ள எண்கள் 336 × 1186, அதாவது 398496. காரணி தெரியாமலே ஓர் எண் பகா எண் அல்ல என்று காட்டும் சோதனையும் உண்டு. 2ஐ 400018 முறை பெருக்கி 400019ஆல் வகுத்தால், பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதை மட்டும் நம்பி ஓர் எண்ணைப் பகா எண் என்று அறிவித்துவிடக் கூடாது, ஏனெனில் 11 × 31 ஆன 341 இதே சோதனையில் தேறிவிடுகிறது. ஏழாம் வகுப்புக்கு இவை தேவையில்லை.

8. கணினியால் ஒப்பிட்டு ஒப்படைத்தல்

லினக்ஸ் கணினி கிடைத்தால், கட்டளைத் திரையில் ஃபேக்டர் என்ற கட்டளையோடு எண்ணைக் கொடுங்கள். பகாக் காரணிகளை நொடியில் காட்டும். இதை முதலிலேயே செய்துவிட்டால் பிள்ளை மீதிப் பட்டியலை எழுதாது, "எப்படிக் கண்டுபிடித்தாய்" என்று வகுப்பில் கேட்டால் விழிக்கும். கையால் முடித்தபின், சார்ட் வாங்கப் போவதற்கு முன், ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒப்படைக்கும்போது சார்ட்டோடு பகா எண் அட்டவணையையும் மீதிப் பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். எங்களுக்கு அது நீள நோட்டில் ஐந்து பக்கம் வந்தது. ஒளிநகல் எடுக்கப் பத்து ரூபாய். மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்ததைத் திரும்பப் பெற நான் இரண்டு வாரம் பள்ளிக்கு நடந்தேன். அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்த பையன் அதே 400019க்கு வேறொரு நோட்டில் முதலிலிருந்து வகுக்கத் தொடங்கியிருந்தான்.